வாய்னிச் சுவடி: செடிப் பக்கங்களா, ராசிச் சக்கரங்களா?

புரியாத எழுத்தில் எழுதப்பட்டு, இதுவரை யாராலும் படித்தறிய முடியாத வாய்னிச் சுவடி, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. கன்றுத்தோல் ஏடுகள், கார்பன் சோதனைப்படி 1404-க்கும் 1438-க்கும் இடைப்பட்டவை. படங்களை வைத்துத் துப்புத் தேடுவதென்றால் எங்கிருந்து தொடங்கலாம்?

பலரும் போவது செடிப் பக்கங்களுக்குத்தான். நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. பெரும்பாலும் பக்கத்துக்கு ஒரு செடி, வேரோடு. எழுத்து வரிகள் இலையைத் தொடும் இடத்தில் நின்று, இலைக்கு மறுபுறம் தொடர்கின்றன. அதாவது படம் முதலில், எழுத்து பிறகு. பார்க்க அழகுதான். ஆனால் எந்தச் செடி என்று உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. பெயர் சூட்டியவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

ராசிச் சக்கரங்கள் வேறு மாதிரி. மடித்து வைத்த அகல ஏடுகளில், நடுவில் ராசிச் சின்னம், சுற்றிலும் ஆளுக்கொரு நட்சத்திரத்தோடு சிறு பெண்கள். எழுத்தும் வட்டமாகவே ஓடுகிறது. வரிசை மீனத்தில் தொடங்குகிறது. மேஷமும் ரிஷபமும் இரண்டிரண்டு சக்கரங்களாக, ஒவ்வொன்றிலும் 15 பெண்கள். மகரமும் கும்பமும் இருந்திருக்க வேண்டிய ஏடு காணோம். தனுசைப் பாருங்கள்: பாதிக் குதிரை அல்ல, குறுக்குவில் ஏந்திய முழு மனிதன்! போதாததற்கு, பின்னால் வந்த யாரோ மாதப் பெயர்களை நமக்குப் புரியும் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

என் ஓட்டு சக்கரங்களுக்கே. இங்கே படம் என்னவென்று தெரியும், எண்ணிக்கையும் தெரியும். செடிகளில் இரண்டுமே இல்லை.