கட்டியைக் கரைக்கிறோம் என்று 46,000 ரூபாய் வாங்கினார்கள்: நாய் வளர்ப்பவர்கள் கவனத்துக்கு

புதுச்சேரி, கடலூர் பக்கம் நாய் வளர்ப்பவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். ஆபரேஷன் இல்லாமல் இயற்கை முறையில் புற்றுக்கட்டியைக் கரைப்பதாகச் சொல்லும் ஒரு செல்லப்பிராணி மையம் எங்களிடம் 46,000 ரூபாய் வாங்கிவிட்டது. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கப் போவதால் பேரை இங்கே போடவில்லை.

எங்கள் ரோசி ஒன்பது வயது லாப்ரடார். பின்பக்கக் காம்பு ஒன்றை ஒட்டி ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. குருமாம்பேட் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். ஊசியால் எடுத்துச் சோதித்தார்கள், நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். மார்புக் கட்டிதான், நுரையீரலுக்குப் பரவவில்லை, மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்கும்போதே எடுத்துவிட்டால் நல்லது என்றார்கள். இந்த வயதில் மயக்க மருந்து தாங்குமா என்று என் மாமியாருக்கு ஒரே அழுகை. அந்த நேரம் பார்த்துத்தான் இவர்கள் விளம்பரம் கண்ணில் பட்டது.

அங்கே இருந்தவர் வெள்ளைக் கோட்டு போட்டிருக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். ரோசியை அவர் கூப்பிடவே இல்லை, அதுவாக வரட்டும் என்று சும்மா இருந்தார். ஆஸ்பத்திரி வாசலிலேயே உறுமுகிற பிள்ளை, நேராகப் போய் அவர் தொடையில் தலை வைத்துப் படுத்துக்கொண்டது. “கத்தி பட்டா உடம்பு பூரா பரவிடும்க்கா. மூணு மாசம் பொறுங்க, நானே கரைச்சுக் காட்டுறேன்” என்றார். என் வீட்டுக்காரர் அந்த இடத்திலேயே ஜிபேயில் 46,000 அனுப்பினார்.

மஞ்சள் கேப்ஸ்யூல், காளான் பொடி, நச்சு நீக்கும் சொட்டு மருந்து என்று ஒரு பை நிறையக் கொடுத்தார்கள். கூடவே கரும்பச்சையாக ஒரு லேகியம். லேபிளில் பேர் மட்டும்தான், உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு வரி கிடையாது. மூடியைத் திறந்தாலே பூண்டு நெடி. கேட்டதற்கு, “பூண்டு புற்றுக்கு எதிரிக்கா” என்றார். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். கால்நடை படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதைத்தான் தினம் இரண்டு வேளை கொடுக்கச் சொன்னார்!

ரோசி படுத்த இடத்தை விட்டு எழவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்துக் கிடந்தது, மூத்திரம் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் போனது. போன் செய்தால், “கழிவு வெளியேறுது, நல்ல அறிகுறி” என்றார்கள். அடுத்த முறை, “சார் முகாமுக்குப் போயிருக்கார்” என்றார்கள். அப்புறம் வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும்தான். நேரில் போனோம். வரவேற்பில் இருந்த பெண் எங்கள் ரசீதையே திருப்பிக் காட்டி, “இதுல சிகிச்சைன்னு எங்கயாவது போட்டிருக்கா?” என்றாள். ‘நலப் பராமரிப்பு நன்கொடை’ என்று போட்டிருக்கிறது. நாங்கள் எதற்கு இவர்களுக்கு 46,000 ரூபாய் நன்கொடை கொடுக்க வேண்டும்?

சுவரில் மாட்டியிருப்பது ஏதோ ஆன்லைன் படிப்புச் சான்றிதழ். கால்நடை மருத்துவப் பட்டமே கிடையாது.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 6. நாய்க்குப் பன்னிரண்டுக்கு மேல் இருக்க வேண்டும். கட்டி ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டது. ரத்தம் ஏறாமல் ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்க முடியாது என்கிறார்கள் டாக்டர்கள். பணத்தைக்கூட வழக்குப் போட்டு வாங்கிவிடலாம். கட்டி சின்னதாக இருந்த அந்த நாட்களை யார் திருப்பித் தருவார்கள்?

விவரமாக எழுத நேரமில்லை. வைத்தியம் பார்ப்பவரிடம் கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள், 1984-ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி பதிவு இல்லாமல் வைத்தியம் பார்க்கக் கூடாது. கத்தி பட்டால் பரவும் என்று பயமுறுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதாத மருந்தை வாயில் வைக்காதீர்கள். ரசீதை அங்கேயே படித்துப் பாருங்கள். ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, அவசரம். ரோசிக்கு ரத்தம் வேண்டும். 25 கிலோவுக்கு மேல் எடை, எட்டு வயதுக்குள், தடுப்பூசி எல்லாம் போட்ட ஆரோக்கியமான நாய் வைத்திருப்பவர்கள் புதுச்சேரியிலோ கடலூரிலோ இருந்தால் உடனே சொல்லுங்கள். வண்டி வைத்து நாங்களே வந்து கூட்டிப்போய், திரும்பக் கொண்டுவந்து விடுகிறோம்.