லீட்ஸில் நல்ல ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கடை: பல வருடம் வாங்கிச் சாப்பிட்டதில் தெரிந்தவை

வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் இருக்கும் லீட்ஸுக்குப் புதிதாகக் குடிவரும் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் தவறாமல் கேட்பது, "நல்ல ஃபிஷ் அண்ட் சிப்ஸ் எங்கே கிடைக்கும்?" என்பதுதான். நான் வாடிக்கையாகப் போகும் கடையைச் சொல்லிவிடலாம். ஆனால் கேட்பவர் ஊரின் மறுகோடியில் இருப்பார். மாவில் தோய்த்துப் பொரித்த மீனும், சிப்ஸ் என்று இங்கே சொல்லும் தடித்த உருளைக்கிழங்கு வறுவலும் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. அரை மணி நேரம் காரில் வந்தால் எந்தக் கடை மீனும் நமத்துப்போகும். அவரவர் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு கடையைத் தேடிப் பிடிப்பதுதான் வழி. பல கடைகளில் வாங்கிப் பார்த்து, பிறகு ஒரே கடையில் வருடக்கணக்கில் வாங்கியதில் எனக்குப் பட்டதை எழுதுகிறேன். நான் பார்ப்பது இரண்டு. கேட்ட பிறகு பொரிக்கிறார்களா? கேட்டதற்கு உண்மையைச் சொல்கிறார்களா?

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம்மில் பலருக்கு அதுதான் முக்கியம். யார்க்‌ஷயரில் பழைய கடைகள் பெரும்பாலும் பீஃப் டிரிப்பிங்கில்தான் பொரிக்கும். அதாவது, உருக்கிச் சுத்தம் செய்த மாட்டுக் கொழுப்பு. மீனுக்கும் அதுதான், சிப்ஸுக்கும் அதுதான். தெற்கே தாவர எண்ணெய்தான் அதிகம் என்பதால் லண்டனிலிருந்து இங்கே மாறி வருகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. மாட்டிறைச்சி தொடாதவர்கள் மீன்தானே என்று வாங்கிவிடுகிறார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் வெறும் உருளைக்கிழங்குதானே என்று வாங்கிவிடுகிறார்கள். தாவர எண்ணெய்க் கடையிலும்கூட மீன் பொரித்த அதே எண்ணெயில் சிப்ஸைப் போடுவது உண்டு.

அதனால் உள்ளே போனதும் "எதில் பொரிக்கிறீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள். கூச்சப்பட வேண்டியதே இல்லை. இந்த ஊர்க்காரர்களே கேட்கிற கேள்விதான். டிரிப்பிங் போடும் கடைகள் அதை ஜன்னலில் பெருமையாக எழுதியே வைத்திருக்கும். இங்கே அது பெருமைக்குரிய விஷயமும்தான். ஹாரி ராம்ஸ்டென் 1928-இல் மரக் கொட்டகை போட்டுக் கடை தொடங்கிய கைஸ்லி, லீட்ஸுக்குப் பக்கத்து ஊர். அந்தப் பழக்கத்திலேயே வளர்ந்த ஊர்கள் இவை.

ஆரம்பத்தில் நான் போய்வந்த கடை ஒன்றில் "வெஜிடபிள் ஆயில்தான்" என்றார்கள். அம்மா ஊரிலிருந்து வந்திருந்த சமயம், அவருக்கும் சேர்த்து வாங்கினேன். சாப்பிட்டு முடித்த பிறகு பார்த்தால் காகிதத்தின் மடிப்புகளில் கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்தது. அது மட்டுமே சாட்சி ஆகாது, பாமாயிலும் ஆறினால் உறையும். ஆனால் அடுத்த வாரம் அதே கடையில் வேறொருவரிடம் கேட்டதும் "டிரிப்பிங்தான், எப்போதுமே" என்றார். அந்தக் கடைக்கு அதற்குப் பிறகு நான் போகவில்லை. டிரிப்பிங் போடுவது அவர்கள் இஷ்டம். எனக்கு அந்த ருசி பிடிக்கவும் செய்யும். அம்மாவுக்குத் தெரியாமல் ஊட்டியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இப்போதைய கடையில் முதல் நாளே இதே கேள்வியைக் கேட்டேன். கல்லாவில் இருந்த அம்மாள் திரும்பிப் பொரிக்கும் அடுப்பைக் காட்டினார். "இந்த மூன்று தொட்டியும் டிரிப்பிங், லவ் (யாரையும் அன்பாக அழைக்க இங்கே சொல்வது). கடைசித் தொட்டி மட்டும் தாவர எண்ணெய், அதில் சிப்ஸ் மட்டும்தான் போடுவோம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனால் அள்ளுகிற கரண்டி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அது உங்களுக்கு ஆகாது என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், வேறு கரண்டி எடுத்துக்கொள்கிறேன்" என்றார். நான் கரண்டியைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்காததையும் சேர்த்துச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அந்தக் கடையை விடாமல் பிடித்துக்கொண்டேன். இன்றுவரை அம்மா வந்தால் கரண்டி மாறுகிறது. சொல்லி நினைவுபடுத்தக்கூட வேண்டியதில்லை.

அடுத்தது காத்திருப்பு. "ஹேடாக் (இங்கே அதிகம் பொரிக்கும் வெள்ளை மீன்) வர நாலு நிமிஷம் ஆகும், பரவாயில்லையா?" என்று ஒரு கடையில் கேட்டால் மகிழ்ச்சியாக நில்லுங்கள், உங்களுக்காகப் போடுகிறார்கள் என்று அர்த்தம். மேலே கண்ணாடிப் பெட்டிச் சூட்டில் ஏழெட்டு மீன் வரிசையாகக் கிடந்து, அதில் ஒன்றை எடுத்து நீட்டினால் அது எப்போது பொரித்ததோ யாருக்குத் தெரியும். கூட்டமான வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்டியில் இருப்பது தப்பில்லை, இரண்டு நிமிடத்தில் விற்றுவிடும். ஆள் இல்லாத செவ்வாய்க்கிழமை மத்தியானம் பெட்டி நிறைந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும். ஒரு கடையைச் சோதிக்க நான் எப்போதும் செவ்வாய் புதன்தான் போவேன். வெள்ளிக்கிழமை எல்லாக் கடையும் நன்றாகவே இருக்கும்.

பொரிக்கிறவரின் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குப் பிடித்த வேலை. எங்கள் கடைக்காரர் மீன் துண்டின் வால் பக்கத்தைப் பிடித்து மாவில் இழுப்பார். ஒரு பக்கத்தைப் பாத்திர விளிம்பில் லேசாக வழித்துவிட்டு, தடித்த முனையை முதலில் கொழுப்பில் இறக்குவார். முழுவதையும் உடனே விட்டுவிட மாட்டார். ஒரு நொடி அப்படியே பிடித்திருந்து, மாவு பிடித்து மீன் மிதக்கத் தொடங்கியதும், தன் பக்கம் தெறிக்காதபடி அப்பால் சாய்த்துவிடுவார். பிறகு விரலில் ஒட்டியிருக்கிற மாவை மேலே தெளிப்பார். அந்தத் துளிகள்தான் மேல்தோலில் மொறுமொறு புடைப்புகளாக நிற்கும். மாவு நம் பஜ்ஜி மாவைவிட நீர்க்க இருக்கும், உள்ளே இருக்கும் மீன் தன் ஆவியிலேயே வெந்துவிடும். வீட்டுக்கு வந்து பிட்டுப் பாருங்கள். மேல்தோலுக்கும் மீனுக்கும் நடுவே பசை மாதிரி வேகாத மாவு இருந்தால் எண்ணெய் சூடாகும் முன்பே போட்டிருக்கிறார்கள், அல்லது ஒரே நேரத்தில் அளவுக்கு மேல் போட்டிருக்கிறார்கள். சிப்ஸ் கருத்து, பின்வாயில் கசந்தால் எண்ணெய் பழசு. கடைக்குள் நுழையும்போதே காறல் வாடை அடித்தால் அப்படியே திரும்பிவிடலாம்.

மீன் எது என்பதும் ஊருக்கு ஊர் மாறும். யார்க்‌ஷயரில் ஹேடாக்தான் ராஜா. பெரும்பாலும் தோலை உரித்துவிட்டுத்தான் பொரிப்பார்கள். தெற்கே காட் என்கிற இன்னொரு வெள்ளை மீன், அதுவும் தோலோடு. கிழக்கு லண்டனில் சித்தப்பா வீட்டுக்குப் போகும்போது அங்குள்ள கடையில் காட், அப்புறம் ஹஸ் என்கிற சிறு சுறா வகை, ஊறவைத்த வெள்ளரி எல்லாம் கிடைக்கும். நாம் வஞ்சிரத்துக்கும் பாறைக்கும் பழகியவர்கள். முதல் தடவை "இதில் என்ன இருக்கிறது, உப்பு காரம் ஒன்றுமில்லையே" என்றுதான் பலரும் சொல்வார்கள். அது மசாலா மீன் இல்லை. சதை பெரிய பெரிய இதழாகப் பூப்போல உதிர வேண்டும், பளிச்சென்று வெள்ளையாக இருக்க வேண்டும், கொஞ்சம் இனிப்பு தெரிய வேண்டும். அதை ருசி பார்த்துவிட்டு அப்புறம் உப்பும் வினிகரும் போடுங்கள்.

"ஃப்ரெஷ் மீனா, ஃப்ரோசனா?" என்று நம்மவர்கள் கவலையோடு கேட்பதுண்டு. காலையில் கரைக்கு வந்த மீனை வாங்கிப் பழகிய நமக்கு ஐஸ் மீன் என்றால் இரண்டாந்தரம். இங்கே அப்படி இல்லை. நார்வே, ஐஸ்லாந்து பக்கத்துக் கடலில் பிடித்த மீனைக் கப்பலிலேயே துண்டு போட்டு, சில மணி நேரத்துக்குள் உறையவைத்துவிடுவார்கள். நல்ல கடைகள் பலவும் அதைத்தான் வாங்குகின்றன. ஃப்ரெஷ் என்று சொல்லி விற்பது பிடித்து எத்தனை நாளானது என்பது கடலிலிருந்து தள்ளி இருக்கும் நமக்குத் தெரியாது. எங்கள் கடையிலும் கப்பலில் உறையவைத்ததுதான். முந்தின நாள் இரவு குளிர்பெட்டியில் வைத்து மெதுவாக உருகவிடுவார்கள். அவசரத்துக்கு உருக்கிய மீனில் தண்ணீர் விட்டுச் சதை பஞ்சாகிவிடும்.

சிப்ஸைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கடையின் தரம் எனக்குத் தெரிவது அதில்தான். மீன் கப்பலிலிருந்து ஒரே தரத்தில் வருகிறது, கிழங்கோ மாதத்துக்கு மாதம் மாறுகிறது. பெரும்பாலும் மாரிஸ் பைப்பர் ரகம். அறுவடை முடிந்த பிறகு வரும் மாதங்களில் சிப்ஸ் வெளியே பொன்னிறமாக, உள்ளே மாவாக, அருமையாக இருக்கும். குளிர்கிடங்கில் பல மாதம் கிடந்த கிழங்கில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறத் தொடங்கும். அதனால் வசந்தகாலக் கடைசியில் சிப்ஸ் சீக்கிரமே கருத்துவிடும். ஜூன், ஜூலையில் புதுக்கிழங்கு வரும்போது அதில் நீர் அதிகம், எவ்வளவு பொரித்தாலும் துவண்டுதான் இருக்கும். வருடம் முழுக்க ஒரே மாதிரி இருக்கிறது என்றால் அது தொழிற்சாலையில் வெட்டி வந்த சிப்ஸாக இருக்க வாய்ப்புண்டு. எங்கள் கடையில் ஜூன் மாதம் கையால் எழுதிய காகிதம் ஒன்று ஒட்டியிருக்கும், "புதுக்கிழங்கு வந்துவிட்டது, சிப்ஸ் சில வாரம் மென்மையாக இருக்கும்" என்று. கரண்டி விஷயத்தில் பார்த்த அதே குணம்.

கூடச் சாப்பிடும் மற்றவை பற்றிச் சுருக்கமாக. மஷி பீஸ் என்பது காய்ந்த பச்சைப் பட்டாணியை சோடா உப்புப் போட்டு இரவு முழுக்க ஊறவைத்துக் குழைய வேகவைப்பது. நமக்குச் சட்டென்று பிடித்துவிடும். கறி சாஸ் என்ற மசாலாக் குழம்பு இனிப்பாக இருக்கும், சிப்ஸுக்குச் சேரும், மீனுக்கு வேண்டாம். வெறும் உப்பு போதாது என்பவர்கள் ஹல் ஊர்ப்பக்கம் போடும் சிப் ஸ்பைஸ் என்ற, உப்பும் காரம் குறைந்த பாப்ரிகா மிளகாய்ப்பொடியும் சேர்ந்த கலவையை ஒரு டப்பா வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஸ்க்ராப்ஸ் என்று கேட்டால் எண்ணெயில் உதிர்ந்த மொறுமொறு மாவுத் துணுக்குகளை இலவசமாகவே அள்ளிப் போடுவார்கள். பிள்ளைகள் அதற்காகவே கூட வருவார்கள். மேசையில் இருக்கும் வினிகர் பல கடைகளில் வினிகரே இல்லை, அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து நிறம் சேர்த்தது. சட்டப்படி அதை வினிகர் என்று விற்கக்கூடாது. மால்ட் வினிகர் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், வாசனையிலேயே வித்தியாசம் தெரியும்.

இத்தனை வருடத்தில் கடை மாறாமலும் இல்லை. நான் முதலில் வாங்கியபோது ஹேடாக்கும் சிப்ஸும் ஆறு பவுண்டுக்குச் சற்று மேல். இப்போது பத்தைத் தாண்டிவிட்டது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2022-இல் உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியது. அதே வருடம் ரஷ்யாவிலிருந்து வரும் வெள்ளை மீன்களுக்கு பிரிட்டன் 35 சதவீதம் கூடுதல் வரி போட்டது. காஸ், மின்சாரம் எல்லாம் சேர்ந்து ஏறின. சூடாக வாங்கிப்போகும் சாப்பாட்டுக்கு 20 சதவீத வாட் (மதிப்புக்கூட்டு வரி) வேறு. நார்வேயும் ரஷ்யாவும் சேர்ந்து தங்களுக்கு வடக்கே உள்ள பேரன்ட்ஸ் கடலில் பிடிக்க அனுமதித்த காட் அளவு 2025-க்கு 3,40,000 டன், 1991-க்குப் பிறகு அதுவரை இருந்ததிலேயே மிகக் குறைவு. எங்கள் கடையில் அந்த வருடம் காட் பலகையிலிருந்தே போய்விட்டது. மீன் துண்டைச் சிறிதாக்கி பழைய விலையிலேயே விற்ற கடைகளும் அக்கம்பக்கத்தில் இருந்தன. இவர்கள் அளவைக் குறைக்காமல் விலையை ஏற்றினார்கள். சிறிய துண்டு வேண்டுமென்றால் அதற்குத் தனி விலை எழுதி வைத்தார்கள். எனக்கு இந்த முறைதான் பிடித்திருக்கிறது.

பெட்டியும் மாறியது. 2023 அக்டோபரிலிருந்து இங்கிலாந்தில் பாலிஸ்டைரீன் (தெர்மோகோல் மாதிரியான) பெட்டிக்குத் தடை. இப்போது அட்டைப்பெட்டி. அதில் ஆவி தங்கி மேல்தோல் இளகிவிடுகிறது என்பதுதான் இந்தக் கடையின் மேல் எனக்குள்ள பெரிய குறை. பெட்டி வேண்டாம், காகிதத்தில் சுற்றிக் கொடுங்கள் என்று கேட்டுவிடுகிறேன். பெட்டியாகவே வாங்கினால் வழியில் மூடியைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். பட்டாணியைத் தனி டப்பாவில் கேளுங்கள்.

வேறு குறைகளும் உண்டு. உட்கார இடமில்லை. கறி சாஸ் சுமார்தான். முதலாளியின் மகன் பொரிக்கும் நாளில் மீன் இன்னும் ஒரு நிமிடம் கூடுதலாகக் கிடந்துவிடுகிறது, சதை வறண்டுவிடும். அவன் கை பழகிக்கொண்டு வருகிறது, போன வருடத்துக்கு இந்த வருடம் எவ்வளவோ தேவலை. சுத்தத்துக்கான மதிப்பீட்டு ஸ்டிக்கர் கதவிலேயே இருக்கிறது, ஐந்துக்கு ஐந்து. வேல்ஸில் அதை ஒட்டியே ஆக வேண்டும். இங்கிலாந்தில் கட்டாயம் இல்லை. ஒட்டாத கடை என்றால் உணவுத் தர முகமையின் இணையதளத்தில் கடை பெயரைப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து என்றால் ருசிக்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் இரண்டு என்றால் நான் போக மாட்டேன்.

நேரம் பார்த்துப் போங்கள். இந்தக் கடைக்கு ஞாயிறும் திங்களும் விடுமுறை. மத்தியானம் இரண்டு மணிக்குச் சாத்தினால் நாலரைக்குத்தான் திறப்பார்கள். புனித வெள்ளிதான் அவர்களுக்கு வருடத்திலேயே அதிகக் கூட்டம். அன்றைக்கு வேண்டுமென்றால் காலையில் கடை திறக்கும்போதே போய்விடுங்கள். சாயங்காலம் வரிசை தெருமுனையைத் தாண்டிவிடும், ஏழு மணிக்கெல்லாம் ஹேடாக் தீர்ந்துவிடும்.