சம்பளச் சீட்டை உரசிப் பார்க்க ஒரு பாஸ்புக்

சம்பளச் சீட்டில் ‘பி.எஃப். பிடித்தம்’ என்று அச்சடிக்க ஒரு பிரிண்டர் இருந்தால் போதும். அந்தப் பணம் கட்டப்பட்டதா என்பதை வருங்கால வைப்பு நிதி நிறுவனத்தின் பாஸ்புக்தான் சொல்லும். கட்டணம் கிடையாது, செல்போன் போதும். ஆனாலும் முதல் வேலைக்குப் போகிறவர்களில் பலர் வேலையை விடும்போதுதான் இதைத் தேடுகிறார்கள். ஆஃபர் லெட்டரில் உள்ள பாதிச் சொற்களுக்கு இதை வைத்தே பொருள் புரிந்துவிடும்.

ஒரு கணக்கு போடுவோம். பேசிக்கும் (அடிப்படைச் சம்பளம்) டி.ஏ.வும் (அகவிலைப்படி) சேர்ந்து 14,000 ரூபாய், வேறு படி எதுவும் இல்லை. அதில் 12 சதவீதம், அதாவது 1,680 பி.எஃப்.; 0.75 சதவீதம், அதாவது 105 இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு. இரண்டும் போகக் கைக்கு வருவது 12,215. இதுதான் டேக் ஹோம். முதலாளி தன் பங்குக்குக் கட்டும் பி.எஃப். 1,680, இ.எஸ்.ஐ. 455, கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) ஒதுக்கும் 4.81 சதவீதம் 673, இவை மூன்றையும் 14,000 உடன் கூட்டினால் 16,808. இதற்குப் பெயர் சி.டி.சி., அதாவது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. ‘பதினாறு எண்ணூறு’ என்று பேசி முடித்துவிட்டு, பன்னிரண்டாயிரத்துச் சொச்சத்தைப் பார்த்து முகம் வாடுவது இதனால்தான். இதில் மோசடி ஒன்றும் இல்லை. இன்டர்வியூவில் ‘சி.டி.சி. எவ்வளவு’ என்று கேட்பதோடு நிறுத்தாமல், ‘பிடித்தமெல்லாம் போகக் கைக்கு எவ்வளவு’ என்றும் கேட்டுவிட வேண்டும்.

இதே ஆளின் பாஸ்புக்கில் மூன்று தொகைகள் இருக்கும்: தொழிலாளர் பங்கு 1,680, முதலாளி பங்கு 514, பென்ஷன் 1,166. ‘முதலாளி 514தான் கட்டியிருக்கிறார்’ என்று பதற வேண்டாம். அவருடைய 12 சதவீதத்தில் 8.33 பென்ஷன் திட்டத்துக்குப் போகிறது, மிச்சம் 3.67தான் உங்கள் கணக்கில் ஏறும். பென்ஷன் பகுதிக்கு உச்சவரம்பு 15,000 ரூபாய் சம்பளம், அதனால் மாதம் 1,250க்கு மேல் அங்கே போகாது. உண்மையில் பதற வேண்டிய இடம் ‘இ.பி.எஃப். வேஜஸ்’ என்ற கட்டம், அதாவது பி.எஃப். கணக்கிட எடுத்துக்கொண்ட சம்பளம். வேலை ஆர்டரில் 14,000 என்று போட்டிருக்க, அங்கே 8,000 என்று இருந்தால் குறைத்துக் காட்டுகிறார்கள் என்று அர்த்தம்.

மாதக் கணக்கிலும் ஒரு குழப்பம் உண்டு. மார்ச் சம்பளத்துக்கான பணம் ‘டியூ மன்த்’ (கட்ட வேண்டிய மாதம்) ஏப்ரல் என்று பதிவாகும். நிறுவனம் கட்டக் கடைசி நாள் அடுத்த மாதம் 15. ஆகவே 5ஆம் தேதியே திறந்துவிட்டு ‘வரவில்லையே’ என்று சண்டைக்குப் போகாதீர்கள். 20ஆம் தேதிக்கு மேல் பாருங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து விடுபட்டால் எழுத்தில் கேளுங்கள்.

கணக்கு தொடங்குவது இப்போது எளிது. மத்திய அரசின் உமங் செயலியில் ஆதார் முகச் சரிபார்ப்பு முடிந்தால் யு.ஏ.என். எனும் 12 இலக்க பி.எஃப். எண் கிடைக்கும், பதிவான ஆறு மணி நேரம் கழித்து பாஸ்புக் திறக்கும். ஆளுக்கு ஒரு யு.ஏ.என்.தான், கம்பெனி மாறினாலும் அதே எண். படிக்கும்போது பார்த்த சின்ன வேலையில் பி.எஃப். பிடித்திருந்தால், சேரும்போது தரும் படிவம் 11இல் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் பின்னால் இரண்டு கணக்கை ஒன்றுசேர்க்க அலைய வேண்டும்.

நம் ஊர்க்காரர்கள் சிக்கும் இடம் இனிஷியல். ஆதாரில் ‘முத்துக்குமார் ச’, பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக, வங்கியில் இனிஷியல் முன்னால். நமக்கு மூன்றும் ஒரே ஆள், கணினிக்கு மூன்று பேர். யு.ஏ.என். ஆதாரில் உள்ளபடியே உருவாவதால், பானையும் வங்கிக் கணக்கையும் வேலைக்குச் சேரும் முன்பே ஆதாரோடு ஒத்துப்போகும்படி திருத்திவிடுங்கள்.

அடுத்தது மெம்பர் ஐ.டி., அதாவது ஒவ்வொரு கம்பெனியிலும் தனியாகத் தரப்படும் பி.எஃப். கணக்கு எண். அது ‘எம்.டி.எம்.டி.யு.’ என்று தொடங்கினால் உங்கள் கணக்கு மதுரை மண்டலத்தில், சொக்கிகுளம் லேடி டோக் கல்லூரி சாலை அலுவலகத்தின் கீழ் இருக்கிறது. மதுரை இலந்தைக்குளம் எல்காட் ஐ.டி. வளாகத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தாலும், கம்பெனியின் பதிவு பெங்களூருவில் இருந்தால் கணக்கும் அங்கேதான். அப்போது சொக்கிகுளத்துக்கு நடப்பதைவிட ஆன்லைன் குறைதீர்ப்புத் தளத்தில் புகார் பதிவது மேல். பாஸ்புக்கில் உள்ள நிறுவனப் பெயரையும் கவனியுங்கள். கப்பலூர் ஆலையில் வேலை, ஆனால் பெயர் ஒரு மேன்பவர் ஏஜென்சியுடையது என்றால் நீங்கள் ‘ஆஃப் ரோல்’, அதாவது ஒப்பந்தக்காரரின் ஆள். அனுபவச் சான்றும் அவரிடம்தான் வாங்க வேண்டியிருக்கும். ‘அப்ரண்டிஸ்’ (தொழில் பழகுநர்) என்று 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி சேர்த்திருந்தால் கிடைப்பது உதவித்தொகை, பாஸ்புக்கே இருக்காது. அதே நேரம் ‘டிரெய்னி’ என்று வெறுமனே பெயர் வைத்துவிட்டால் அது அப்ரண்டிஸ் ஆகிவிடாது.

வேலையை விடும்போது ‘டேட் ஆஃப் எக்ஸிட்’ (வேலையை விட்ட தேதி) ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ரிலீவிங் லெட்டர் கையில் இருந்தாலும் இந்தத் தேதி இல்லாமல் பணம் எடுப்பது சிக்கும். நிறுவனம் போடாவிட்டால், கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே ஆதார் ஓ.டி.பி. மூலம் பதியலாம். ஒருமுறை பதிந்ததைத் திருத்துவது எளிதல்ல, தேதியை இரண்டு தடவை பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

குறைகளும் இருக்கின்றன. பாஸ்புக்கில் தமிழ் இல்லை, ஆங்கிலமும் இந்தியும்தான். இ.எஸ்.ஐ.யும் இதில் தெரியாது. சம்பளம் 21,000க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. அட்டையைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அட்டை இருந்தால்தான் மதுரை தத்தனேரி இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் பேச்சு எடுபடும்.

கணினி மையத்தில் பாஸ்வேர்டையும் ஓ.டி.பி.யையும் சொல்லிவிட்டு வருவதுதான் இதில் செய்யக்கூடாத காரியம். இருப்பை மட்டும் பார்க்கச் செயலிகூட வேண்டாம்: பதிந்த செல்போனிலிருந்து 99660 44425க்கு மிஸ்டு கால் கொடுத்தால், கடைசியாகக் கட்டிய தொகையும் மொத்த இருப்பும் குறுஞ்செய்தியில் வந்துவிடும்.