ஆறு ஆண்டுகளாக ரிஸ்ட் ஸ்ட்ராப் கட்டி வேலை செய்த அனுபவம்

யுபிஎஸ் போர்டுகளைப் பழுதுபார்க்கும் எங்கள் பணிமனையில், நிலைமின்சாரத்தால் பாகங்கள் கெடாதிருக்க உடலின் மின்னூட்டத்தை எர்த்துக்கு இறக்க மணிக்கட்டில் கட்டும் பட்டையான ரிஸ்ட் ஸ்ட்ராப்பையும், மேசைமேல் விரிக்கும் மேட்டையும் ஆறு ஆண்டுகளாக அன்றாடம் பயன்படுத்தி வருகிறேன். சென்னையின் ஈரக்காற்றில் இதெல்லாம் எதற்கு என்று தொடக்கத்தில் பலரும் கேட்டார்கள். வெளியே எவ்வளவு புழுக்கம் இருந்தாலும், ஏசி ஓடும் அறையில் காற்று உலர்ந்துவிடுவதால், நாற்காலியை விட்டு எழும்போதே உடலில் மின்னூட்டம் ஏறிவிடுகிறது. விரல்நுனியில் சுரீர் என்று நமக்கு உறைக்க ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். போர்டில் உள்ள ஐசிக்கள் என்னும் சில்லுகளில் சில கெடுவதற்கோ 100 வோல்ட்டே போதும்.

பட்டையோடு இணையும் வயரின் முனையில் 1 மெகாஓம் மின்தடை பொதிந்திருக்கும். கை தவறி 230 வோல்ட்டைத் தொட்டாலும், பட்டை வழியாக எர்த்துக்கு ஓடும் மின்னோட்டத்தைக் கால் மில்லிஆம்பியருக்குள் அடக்குவது அதுதான். வெறும் செம்புக்கம்பியைக் கையில் சுற்றி எர்த்தில் மாட்டுவதைச் சில கடைகளில் பார்த்திருக்கிறேன். அது உயிரைப் பணயம் வைப்பதாகும், தயவுசெய்து கைவிடுங்கள். போர்டுக்கு மின்சாரம் கொடுத்துச் சோதிக்கும்போது நாங்கள் பட்டையையே கழற்றிவிடுகிறோம்.

இரண்டாம் ஆண்டில், சரிசெய்து அனுப்பிய போர்டுகள் சில, சில வாரங்களிலேயே மீண்டும் பழுதாகித் திரும்பின. பட்டையைக் கட்டியபடி, இணைப்பைச் சோதிக்கும் டெஸ்டரில் பார்த்தேன்; இணைப்பு சரி என்று பச்சை விளக்கு எரிந்தது, மணிக்கட்டைச் சற்றுத் திருப்பியதும் சிவப்புக்கு மாறியது. வயரைப் பட்டையில் மாட்டும் பொத்தானை ஒட்டி, நாள் முழுவதும் மடங்கி நிமிரும் இடத்தில், மேலுறை புதிதுபோல இருக்க, உள்ளே கம்பி இழைகள் அறுந்து கிடந்தன. போர்டுகள் கெட்டதற்கு இதுவே காரணம் என்று என்னால் நிறுவ முடியவில்லை என்றாலும், அன்று முதல் காலையில் கையை அசைத்தபடியே சோதித்த பிறகுதான் வேலையில் அமர்கிறேன். மின்தடை அளவு 35 மெகாஓமைத் தாண்டினால் வயரை மாற்றிவிடுவேன். தோல் வறண்டிருந்தாலும் அளவு கூடும் என்பதால், முதலில் பட்டையை இறுக்கிப் பார்ப்பேன்.

மேட் நன்றாக உழைக்கிறது. ஆனால் சிலிகான் கலந்த துப்புரவுத் திரவங்கள் அதன்மேல் மின்கடத்தாப் படலத்தை விட்டுச்செல்வதால், அதற்கென்றே விற்கும் திரவத்தால்தான் துடைக்க வேண்டும். தெர்மாகோல், செல்லோ டேப் போன்றவற்றின் மின்னூட்டத்தை எந்த எர்த்தும் இறக்காது. அவற்றை மேசைக்கே கொண்டுவருவதில்லை.