கண்ணாடியில் கேமரா: புளோரிடா வழியா, கலிபோர்னியா வழியா?

2025 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் தன் மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை அனுப்பியது. ரே-பான் மெட்டா கண்ணாடி அணிந்த ஒருவர் பெண்களிடம் வலியப் போய் வேண்டாத பேச்சுக் கொடுக்கிறார், அதைப் படம் பிடிக்கிறார், கவனமாக இருங்கள் என்பதுதான் விஷயம். பார்த்தால் சாதாரண கூலிங் கிளாஸ். பிரேமின் ஒரு மூலையில் கேமரா, மறு மூலையில் பதிவாகும்போது எரியும் சின்ன வெள்ளை விளக்கு. விளக்கை டேப் ஒட்டி மறைத்தால் பதிவாகாது என்று நிறுவனம் ஏற்பாடு செய்திருக்கிறது. ஆனால் அதே மாதம், 60 டாலர் வாங்கிக்கொண்டு அந்த விளக்கையே செயலிழக்கச் செய்து தரும் ஆள் இருப்பதாகவும் செய்தி வந்தது.

போனைத் தூக்கிப் பிடித்தால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். முகத்தில் மாட்டியிருப்பதை யார் சந்தேகப்படுவார்கள்? வகுப்பைப் பதிவு செய்வது பற்றி அமெரிக்காவில் இருக்கும் விதிகளோ டேப் ரெக்கார்டரையும் போனையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றில் எதிரெதிராக நிற்கும் இரண்டை எடுத்துக்கொள்கிறேன்.

புளோரிடாவில் 2021 ஜூலை முதல், அரசுக் கல்லூரி மாணவர் யாரையும் கேட்காமலே விரிவுரையை ஒலியாகவோ வீடியோவாகவோ பதிவு செய்யலாம். சொந்தப் படிப்புக்கு, கல்லூரியில் புகார் கொடுக்க, வழக்கில் சாட்சியமாகக் காட்ட என்று மூன்று காரணங்களைச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. ஆசிரியரின் சம்மதம் இல்லாமல் வெளியிட்டால், அவர் வழக்குப் போட்டு 2,00,000 டாலர் வரை நஷ்டஈடு பெறலாம். மூன்றில் முதல் காரணம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளைக்கும், இரவு வேலை பார்த்துவிட்டு வகுப்பில் கண் அசரும் பிள்ளைக்கும் ஒரு பதிவு எவ்வளவு பெரிய உதவி! இரண்டாவதுதான் உறுத்துகிறது. வளாகங்களில் எல்லாக் கருத்துகளுக்கும் இடம் இருக்கிறதா என்று ஆண்டுதோறும் சர்வே எடுக்கச் சொன்னதும் இதே சட்டம்தான். ஆசிரியர் எந்தப் பக்கம் பேசுகிறார் என்று கண் வைக்கத்தான் இது வந்தது என்றே எனக்குப் படுகிறது.

கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் (பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பு தரும் அரசுக் கல்லூரிகள்) கதை வேறு. ஆசிரியரின் முன் அனுமதி இல்லாமல் வகுப்பறையில் எந்தப் பதிவுக் கருவியையும் பயன்படுத்தக் கூடாது. மீறும் மாணவர் மேல் ஒழுங்கு நடவடிக்கை, வெளியாள் என்றால் குற்ற வழக்கு. மாற்றுத்திறனாளி மாணவருக்குத் தேவையான உதவிக் கருவிக்கு மட்டும் விலக்கு.

விதி கறாராக இருந்தாலும் நடைமுறையில் ஆட்டம் கண்டது. 2016 தேர்தலில் டிரம்ப் ஜெயித்த பிறகு, ஆரஞ்ச் கோஸ்ட் கல்லூரியில் ஓர் ஆசிரியர் அவரைக் கடுமையாக விமர்சித்ததை ஒரு மாணவர் போனில் பிடித்தார். வீடியோ பரவியது, ஆசிரியருக்கு மிரட்டல்கள் வந்தன. கல்லூரி மாணவரை இடைநீக்கம் செய்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

கேமரா கண்ணாடியை இந்த இரண்டு விதிகளுக்கும் முன்னால் நிறுத்திப் பார்த்தால், புளோரிடா வழி அதற்கு அப்படியே கதவைத் திறந்துவிடுகிறது. ஆண்டு முழுக்க ஒரு மாணவர் பதிவு செய்துகொண்டிருக்கலாம், யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. தண்டனை எல்லாம் வீடியோ வெளியே போன பிறகுதான். அதற்கும் ஆசிரியர்தான் நீதிமன்றப் படி ஏற வேண்டும். 2025 செப்டம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஒரு வகுப்பு வீடியோ பரவி, சில நாட்களிலேயே ஆசிரியர் வேலை இழந்தார், பல்கலைக்கழகத் தலைவரும் பதவி விலகினார். இந்த வேகத்துக்கு முன்னால் நஷ்டஈடு வழக்கு எந்த மூலைக்கு?

ஆனால் புளோரிடா ஒரு விஷயத்தை நன்றாக யோசித்திருக்கிறது. அங்கே புளோரிடா பல்கலைக்கழகத்தின் விதிப்படி ‘விரிவுரை’ என்பதில் மாணவர் கொடுக்கும் விளக்கவுரை, ஆய்வகம், தேர்வு, மாணவர்களின் தனிப் பேச்சு எதுவும் சேராது. அதே வகுப்பில் படிக்கும் நண்பனுக்குப் பதிவை அனுப்பினால்கூட அது வெளியிட்டதாகவே கணக்கு. கலிபோர்னியா விதியோ ஆசிரியரின் சம்மதத்தோடு நின்றுவிடுகிறது. பக்கத்து பெஞ்ச் பிள்ளையை அது கேட்கவே இல்லை. எனக்கு முக்கியம் அந்தப் பிள்ளைதான். தப்பாகக் கேள்வி கேட்டுத்தான் பாடம் புரியும். முதலாம் ஆண்டில் அரைகுறையாகக் கேட்ட ஒரு கேள்வி, வேலை தேடும் நாளில் வீடியோவாக வந்து நிற்கலாம் என்றால் எந்தப் பிள்ளை கை தூக்கும்? விரிவுரைக்கு நடுவே வரும் அந்தக் கேள்வியைக் கண்ணாடி பிரித்து ஒதுக்காது.

ஆகவே நான் தேர்ந்தெடுப்பது கலிபோர்னியாவின் முன் அனுமதியைத்தான், புளோரிடாவின் இந்த வரையறையையும் சேர்த்து. அனுமதி கொடுத்த ஆசிரியர் அதை வகுப்பில் எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம், மொத்தமாகத் தடை போடுவது சரியில்லை. பார்வையற்ற மாணவர்கள் இதே கண்ணாடியில் ‘பீ மை ஐஸ்’ சேவை வழியாக ஒரு தன்னார்வலரை அழைத்து, எதிரே இருப்பதைச் சொல்லச் சொல்கிறார்கள். அவர்களுக்கு அது கண். கலிபோர்னியா விலக்கின் அருமை இங்கேதான் தெரிகிறது.

இந்தக் கேமரா கண்ணாடியிலேயே பவர் லென்ஸ் போட்டவர்கள் பாடு வேறு. எனக்கே கண்ணாடியைக் கழற்றினால் முதல் வரிசையிலிருந்தும் போர்டு மங்கல்தான். போனைப் பையில் போடச் சொல்வதுபோல் இதைச் சொல்லிவிட முடியாது. அதனால் சேர்க்கையின்போதே, ‘கேமரா இல்லாத இன்னொரு பவர் கண்ணாடி வகுப்புக்குக் கட்டாயம்’ என்று ஒரு வரி சொல்லிவிடலாம், வாங்க முடியாதவருக்குக் கல்லூரியே வாங்கிக் கொடுக்கும் என்பதோடு.