அன்டாலியாவில் ‘நடைச் சுற்றுலா’: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

துருக்கியின் அன்டாலியாவுக்குப் போகத் திட்டமிட்டிருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். அங்குள்ள பழைய நகரமான கலெய்ச்சியை வழிகாட்டியுடன் மூன்று மணி நேரம் நடந்து பார்க்கலாம் என்று இணையத்தில் விளம்பரம் செய்த ஒரு நிறுவனம், என்னையும் அம்மாவையும் ஏமாற்றிவிட்டது. பெயரை எழுதப் போவதில்லை. இதே வேலை வேறு பல பெயர்களிலும் நடக்கிறது என்பதால் அவர்களுடைய வழிமுறையைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

மணிக்கூண்டின் கீழே எங்களைச் சந்தித்த மனிதரின் கழுத்தில் எந்த அட்டையும் இல்லை. துருக்கியில் சுற்றுலா வழிகாட்டி வேலையை யார் வேண்டுமானாலும் செய்துவிட முடியாது. 2012-இல் வந்த சட்டப்படி அதற்கு உரிமம் வேண்டும்; வேலை செய்யும்போது புகைப்படத்துடன் கூடிய அட்டையைப் பிறர் பார்வையில் படும்படி அணிந்திருக்க வேண்டும். அட்டை எங்கே என்று கேட்டேன். “அலுவலகத்தில் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்” என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தார். விளம்பரத்தில் ‘உரிமம் பெற்ற வழிகாட்டி’ என்றுதான் போட்டிருந்தது.

முதலில் ஹாட்ரியன் வாயில். கி.பி. 130-இல் ரோமப் பேரரசர் ஹாட்ரியன் அந்த ஊருக்கு வந்ததை ஒட்டி எழுப்பப்பட்ட, மூன்று வளைவுகள் கொண்ட வாயில் அது. அலெக்சாந்தர் தன் வெற்றியின் நினைவாகக் கட்டியது என்று இவர் சொன்னார். அலெக்சாந்தர் இறந்தது கி.மு. 323-இல். பெர்கமோன் அரசன் இரண்டாம் அத்தாலோஸ் இந்த ஊரை நிறுவியதே அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்துத்தான்! வளைவின் கீழே, பழைய வண்டிச் சக்கரங்கள் ஓடி ஓடிக் கல்லில் பள்ளமாகப் பதிந்த தடம் இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் வளைவின் உட்புறம் முழுவதும் கட்டம் கட்டமாகச் செதுக்கிய பூக்கள். இரண்டையும் அவர் காட்டவில்லை. நாங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது நேரமாகிறது என்று அவசரப்படுத்தினார்.

அந்த இடத்திலேயே ஆளுக்கு இவ்வளவு என்று ‘நுழைவுக் கட்டணம்’ வசூலித்தார். ரொக்கமாகத்தான் தர வேண்டுமாம். அந்த வாயிலுக்குக் கட்டணமே கிடையாது. பள்ளிப் பிள்ளைகளும் ரொட்டி வாங்கி வருகிறவர்களும் எங்கள் கண்ணெதிரே அதன் வழியாகப் போய் வந்துகொண்டிருந்தார்கள். சுட்டிக்காட்டியபோது, குழுவாக வருகிறவர்களுக்குத் தனி அனுமதி என்றார். யிவ்லி மினாரே மசூதிக்கும் சேர்த்தே வாங்கிக்கொண்டார். அது தொழுகை நடக்கும் மசூதி. அங்கேயும் கட்டணம் இல்லை.

அதன் பிறகு ‘பாரம்பரிய நெசவுக் கூடம்’ என்று ஓர் இடத்துக்கு அழைத்துப் போனார். உண்மையில் அது கம்பளக் கடை. வாசலுக்கு அருகே ஒரு பெண் தறியில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் உள்ளே போய் அமர்ந்ததும் எழுந்து போய்விட்டார், திரும்பி வரவே இல்லை. சின்னக் கண்ணாடிக் குவளைகளில் ஆப்பிள் தேநீர் வந்தது. இரண்டு பையன்கள் கம்பளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துப் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனி அறைக்குப் பிரித்தார்கள். கூட வந்தவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள முடியாதபடி செய்கிற ஏற்பாடு அது. அம்மாவுக்கு மூட்டுவலி என்பதைக் கவனித்த விற்பனையாளர், அவரை மெத்தை இருக்கையில் உட்காரவைத்து அன்பாகப் பேசினார். சிறிய விரிப்பு ஒன்றைச் சுத்தமான பட்டு என்று அம்மாவின் மடியில் வைத்து, நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல விலையைக் குறைத்துக்கொண்டே போனார். கடைசியில் முதலில் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குக்கு வந்து நின்றார். “எழுந்திருப்பா, போகலாம்” என்று அம்மாதான் முடித்துவைத்தார். குழுவில் இருந்த வயதான தம்பதி ஒரு கம்பளம் வாங்கினார்கள். அட்டை இயந்திரத்தில் லிராவுக்குப் பதிலாக அவர்களுடைய நாட்டுப் பணத்தில் தொகையைப் போட்டு, மோசமான மாற்று விகிதத்தில் அதிலும் ஒரு தொகையை எடுத்தார்கள். எந்த ஊரிலும் இயந்திரம் கேட்டால் உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள்.

மூன்று மணி நேரத்தில் பாதிக்கு மேல் அந்தக் கடையில் போயிற்று. எனக்கு ஆறாத கோபம் கெசிக் மினாரேயைப் பற்றித்தான். ரோமர் காலத்துக் கோயிலாக இருந்து, தேவாலயமாகி, பிறகு மசூதியான இடம். 1896-இல் நடந்த தீ விபத்தில் மினாரின் உச்சி அழிந்து, நூறாண்டுகளுக்கு மேல் மொட்டையாகவே நின்றது. அந்த ஊரின் வரலாறு முழுவதும் ஒரே சுவரில் இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். அதைத் தெருமுனையில் இருந்து கைகாட்டிவிட்டு நடந்தார். தூதன் அருவி கடலில் விழுவதைப் படகில் இருந்து பார்க்கலாம் என்ற வாக்குறுதியும் அப்படியே போயிற்று. பழைய துறைமுகத்தின் அலைதாங்கிச் சுவரைத் தாண்டியதும் படகைத் திருப்பிவிட்டார்கள். கடல் சரியில்லை என்றார்கள். மற்ற படகுகள் அருவிப் பக்கம் போய்க்கொண்டுதான் இருந்தன.

கடைக்கு ஆள் கொண்டுபோய்த் தரகு வாங்கும் இந்தத் தொழிலை அங்கே ஹனுத் என்கிறார்கள். நேர்மையாகப் படித்து உரிமம் வாங்கிய வழிகாட்டிகளுக்கும் இதனால் கெட்ட பெயர். முன்பதிவு செய்யும்போதே வழிகாட்டியின் உரிம எண்ணையும், பயண முகவர்கள் சங்கமான துர்சாபில் அந்த நிறுவனத்தின் பதிவு எண்ணையும் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். ‘நெசவு’, ‘தோல்’, ‘நகை’ என்று ஏதாவது ‘பட்டறை’ நிரலில் இருந்தால் அது கடைதான்.

மறுநாள் நாங்களே போனோம். ஹாட்ரியன் வாயிலுக்குள் நுழைந்து ஹெசாப்சி தெருவில் நேராக நடந்தால் கெசிக் மினாரே வரும். தெருவின் கடைசியில், கடலைப் பார்த்தபடி ரோமர் காலத்து ஹிதிர்லிக் கோபுரம். அம்மாவால் நிதானமாக நடக்க முடிந்த தூரம்தான். வாயிலுக்கு இருபுறமும் நிற்கும் கோபுரங்களில் ஒன்று ரோமர்களுடையது, மற்றொன்று 13-ஆம் நூற்றாண்டில் அந்தப் பகுதியை ஆண்ட துருக்கிய மரபினரான செல்ஜூக்குகள் புதுப்பித்தது என்பதையும் அப்போதுதான் நின்று பார்த்தோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதியதற்கு, ‘கடை வருகை பண்பாட்டு அனுபவத்தின் ஒரு பகுதி’ என்று பதில் வந்தது. துர்சாபுக்கும் என் வங்கிக்கும் புகார் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் எதற்குப் பணம் கட்டினாலும் விளம்பரப் பக்கத்தை முதலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என் புகார் போன பிறகு, ‘உரிமம் பெற்ற வழிகாட்டி’ என்ற வரியை அந்த நிறுவனம் தன் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டது. நான் எடுத்து வைத்திருந்த படம்தான் இப்போது வங்கியிடம் இருக்கும் சான்று.