கையால் சுழற்றுவதா, தானாகச் சுழல்வதா: வீட்டில் தோட்டா நிரப்பும் பிரஸ்கள் பற்றி ஓர் ஒப்பீடு

சுட்டு முடித்த தோட்டாவில் பித்தளைக் கூடு மட்டும் மிஞ்சுகிறது. அடிபட்டால் தீப்பொறி தந்து பவுடரை (வெடிமருந்தை) எரிய வைக்கும் சிறு மூடியான பிரைமர் தீர்ந்துபோய் அதன் அடியில் இருக்கும். அதை வெளியே தள்ளி, சுடும்போது விரிந்துபோன கூட்டைப் பழைய அளவுக்குச் சுருக்கி, புதுப் பிரைமர் பொருத்தி, பவுடரை அளந்து கொட்டி, வாயில் குண்டை அமுக்கினால் அது மறுபடியும் தோட்டா ஆகிறது. அமெரிக்காவில் வேட்டைக்காரர்களும் இலக்குச் சுடும் போட்டிகளில் கலந்துகொள்கிறவர்களும் இந்த வேலையைக் கார் கொட்டகையிலோ நிலவறையிலோ போட்ட மேசையில் பல தலைமுறைகளாகச் செய்து வருகிறார்கள். சொந்த உபயோகத்துக்கு நிரப்பிக்கொள்ள அந்நாட்டு மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பனைக்குத் தயாரித்தால் உரிமம் கட்டாயம். இந்தியாவிலோ 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே இக்கட்டுரையில் சொல்வதெல்லாம் அமெரிக்கச் சூழலுக்கு மட்டுமே பொருந்தும்.

இந்த வேலைகளைச் செய்யும், கைப்பிடியால் இயங்கும் அமுக்குக் கருவியே பிரஸ். அதை வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, மணிக்கு எத்தனை தோட்டா வரும் என்பதே. என் வரையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: குண்டை வைப்பதற்கு முன் ஒவ்வொரு கூட்டின் உள்ளேயும் உங்கள் கண் போகுமா? இந்த வேலையில் மன்னிப்பே இல்லாத பிழைகள் இரண்டு. ஒன்று, ஒரே கூட்டில் பவுடர் இரண்டு முறை விழுவது. அது துப்பாக்கியையே உடைத்துவிடும். மற்றது, பவுடரே விழாமல் போவது. அப்போது பிரைமரின் விசை மட்டும் குண்டைக் குழலுக்குள் தள்ளி நடுவழியில் நிறுத்திவிடும், அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். கரும்பவுடரின் தேவைக்கேற்ற நீளத்தில் வடிவமைக்கப்பட்ட .38 ஸ்பெஷல் என்னும் கைத்துப்பாக்கித் தோட்டாவின் கூட்டில் இன்றைய புகையில்லாப் பவுடர் அடியில் கொஞ்சமே கிடக்கும். இருமடங்கு விழுந்தாலும் வழியாது, வெளியே தெரியாது. .223 போன்ற ரைஃபிள் கூடுகளை வழக்கமான பவுடர் ஏறக்குறைய நிரப்பிவிடுவதால், இரண்டாவது முறை விழுந்தால் மேசையெல்லாம் சிந்தி அதுவே காட்டிக்கொடுத்துவிடும். பிரஸ்களை ஒப்பிடும்போது இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் என்பது ஒரு நேரத்தில் ஒரே ஒரு டையை (கூட்டைச் சுருக்குவது, குண்டை அமுக்குவது போன்ற ஒரு வேலைக்கான உருளை அச்சை) தாங்கும் இரும்புச் சட்டம். ஆர்சிபிஎஸ் நிறுவனத்தின் ராக் சக்கர் இவ்வகைக்கு நெடுங்கால எடுத்துக்காட்டு. கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில் ஃபிரெட் ஹண்டிங்டன் 1943இல் தொடங்கிய தொழில் அது. ராக் சக் என்று அப்பகுதியினர் அழைக்கும் மர்மோட் என்னும் பெரிய தரை அணிலைச் சுடுவதற்கேற்ற சிறு குண்டுகளை அமுக்கிச் செய்யும் டைக்கு இட்ட ‘ராக் சக் புல்லட் ஸ்வேஜ்’ என்ற பெயரின் முதலெழுத்துகளே நிறுவனத்தின் பெயராயின. இதில் வேலை தொகுதி தொகுதியாக நடக்கும்: ஐம்பது கூடுகளையும் சுருக்கி முடித்த பிறகே அடுத்த டை ஏறும். பவுடர் கொட்டும் கட்டத்தில் ஐம்பது கூடுகளும் மரப்பலகைத் துளைகளில் வரிசையாக நிற்பதால், கைவிளக்கை மேலே பிடித்து ஒருமுறை பார்த்தாலே உயரம் மாறியது எது என்று கண் சொல்லிவிடும். இவ்வளவு எளிய பாதுகாப்பு வேறு எந்த வகையிலும் இல்லை. எல்லாக் கட்டங்களையும் சேர்த்தால் மணிக்கு ஐம்பது தோட்டா கிடைப்பதே பெரிது. ஆண்டுக்கு நூறு தோட்டா சுடும் மான் வேட்டைக்காரருக்கு அது தாராளம்.

இதே வகையில், இல்லினாய் மாநிலத்தின் லனார்க் ஊரிலிருந்து வரும் ஃபார்ஸ்டர் கோ-ஆக்ஸ் தனித்து நிற்கிறது. இதில் டையை மரையில் திருக வேண்டியதில்லை. பூட்டு வளையத்தைப் பிடித்து ஒரு பள்ளத்துக்குள் நழுவ விட்டால் போதும். கூட்டைப் பிடிப்பதும் தனி ஷெல் ஹோல்டர் அல்ல, அசைந்து கொடுக்கும் இரண்டு தாடைகள். டையும் கூடும் சற்றே மிதந்து நிற்பதால் ஒன்றுக்கொன்று தாமே மையம் கண்டுகொள்கின்றன. தீர்ந்த பிரைமர்கள் குழாய் வழியே நேராகக் கீழே விழுவதால், காரீயம் கலந்த கரிப்பொடி மேசையில் பரவுவதும் குறைவு. கைப்பிடி தலைக்கு மேலே நடுவில் ஆடுவதால் மேலே தட்டு அலமாரி வைத்திருப்பவர்கள் இடத்தை அளந்துவிட்டு வாங்க வேண்டும். தொலைதூரத் துல்லியம் ஒன்றையே நாடுகிறவர் இதற்கு மேல் தேட வேண்டியதில்லை.

டரட் பிரஸ்ஸில் கூடு ஓரிடத்தில் நிற்க, மேலே டைகளைத் தாங்கிய வட்டத் தலை சுழல்கிறது. நியூயார்க் மாநிலத்தின் ரெட்டிங் டி-7 ஏழு துளைகள் கொண்டது, கனமானது. தலையைக் கையால் திருப்ப வேண்டும். டைகளைக் கழற்றி மாட்டும் வேலை இல்லாத சிங்கிள் ஸ்டேஜ் என்று அதைச் சொல்லலாம். விஸ்கான்சினின் ஹார்ட்ஃபோர்டில் உள்ள லீ நிறுவனத்தின் கிளாசிக் டரட் வேறு விதம். அதில் முறுக்கிய கம்பி ஒன்று ராமின் (கூட்டைத் தாங்கி மேலும் கீழும் போய்வரும் தண்டின்) ஏற்ற இறக்கத்தைக் கொண்டே நான்கு துளைத் தலையைத் தானாகத் திருப்புகிறது; நான்கு முறை கைப்பிடியை இழுத்தால் ஒரு தோட்டா முழுமையாகிறது. கம்பியை எடுத்துவிட்டால் அதுவே சிங்கிள் ஸ்டேஜ். தோட்டா அளவை மாற்ற, டைகளோடு சேர்த்துத் தலையைச் சற்றுத் திருகித் தூக்கி வேறு தலையை வைத்தால் போதும்; டைகளின் அமைப்பு கலையாது. தலை லேசாக மேலே எம்புகிறது என்ற குறை உண்மைதான். ஆனால் ஒவ்வோர் இழுப்பிலும் அதே அளவு, அதே திசையில் எம்புவதால் முடிவில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. கைப்பிடியை அரைகுறையாக இழுத்தால் சுழற்சி தவறும் என்பதே நடைமுறையில் தொல்லை. எனினும் கூடு கண்ணெதிரே ஒரே இடத்தில் நிற்கிறது; பவுடர் விழுந்ததைப் பார்க்காமல் குண்டை வைப்பதற்கு வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். புதியவருக்கு, குறிப்பாகக் கைத்துப்பாக்கித் தோட்டா நிரப்புகிறவருக்கு, நான் முதலில் சொல்வது இதைத்தான்.

புரோகிரசிவ் பிரஸ்ஸில் டைகள் நிலையாக நிற்கக் கீழே ஷெல் பிளேட் என்னும் வட்டத் தட்டு சுழன்று கூடுகளைக் கொண்டு செல்கிறது. நிலைகள் எனப்படும் வேலையிடங்கள் எல்லாம் கூடுகளால் நிரம்பிவிட்டால் ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு தோட்டா விழும். அரிசோனாவின் டில்லன் நிறுவனம் இவ்வகையில் பெயர் பெற்றது. அதன் இரண்டு பிரஸ்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை விலையோ வேகமோ விளக்காது. ஆர்எல் 550இல் நான்கு நிலைகள். தட்டைச் சுழற்றுவது நம் விரல். 2019இல் வந்த எக்ஸ்எல் 750இல் ஐந்து நிலைகள். தட்டு தானாகச் சுழலும், கூடு ஊட்டும் மோட்டாரும் பொருத்திக்கொள்ளலாம். 550இல் மணிக்கு நானூறும் அதற்கு மேலும் கிடைக்கும். கூடு ஊட்டியுடன் 750 அதை எளிதில் தாண்டிவிடும்.

தட்டைச் சுழற்ற மறந்து கைப்பிடியை மறுபடி இழுத்தால் 550இல் ஒரே கூட்டில் இரண்டு முறை பவுடர் விழ வாய்ப்புண்டு. 750இல் அந்த மறதிக்கே இடமில்லை. அதோடு ஐந்தாவது நிலை இருப்பதால், பவுடர் குறைந்தாலோ மிகுந்தாலோ ஒலி எழுப்பும் சோதனைக் கருவி ஒன்றையும் வைக்க முடிகிறது. இவ்வளவில் 750 வென்றுவிட்டதாகத் தோன்றும். எல்லாம் ஒழுங்காக ஓடும் வரையில் அது உண்மை. ஏதாவது ஒரு நிலையில் கூடு சிக்கும்போதுதான் கணக்கு மாறுகிறது. தானாகச் சுழலும் ஒரு பிரஸ்ஸில் பிரைமர் சரியாக அமராமல் நின்றுபோக, நான் இரண்டு கூடுகளை வெளியே எடுத்துச் சரிசெய்து மறுபடி வைத்துத் தொடர்ந்தேன். அடுத்த வாரம் சுடும் களத்தில் வழக்கமான ஓசைக்குப் பதிலாக ‘டப்’ என்று மெல்லிய சத்தம் மட்டும் கேட்டது. நிறுத்திக் குழலைப் பார்த்தபோது குண்டு பாதி வழியில் நின்றிருந்தது. எடுத்து வைத்த கூடுகளில் எது பவுடர் நிலையைக் கடந்தது என்ற கணக்கை அன்று நான் தவறவிட்டிருந்தேன். கையால் சுழற்றும் பிரஸ்ஸில் சிக்கல் வந்தால் தட்டு நான் விட்ட இடத்திலேயே நிற்கும். எந்த நிலையிலிருந்தும் கூட்டை எடுத்துப் பார்த்து அங்கேயே வைக்கலாம். அன்று முதல் சிக்கல் வந்தால் தட்டிலுள்ள எல்லாக் கூடுகளையும் எடுத்துப் பவுடரைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவது என் வழக்கம்.

நெப்ராஸ்காவின் ஹார்னடி செய்யும் லாக்-என்-லோட் ஏபி பிரஸ்ஸுக்கும் ஐந்து நிலைகள்தாம். அதன் தட்டு ராம் ஏறும்போது பாதி, இறங்கும்போது பாதி என இரண்டு தவணையாகச் சுழல்வதால் குலுக்கல் குறைவு. 9 மி.மீ. போன்ற குட்டைக் கூடுகள் ஒரே வீச்சில் திரும்பும்போது பவுடர் துள்ளிச் சிந்துவதைப் பார்த்தவர்கள் இந்த ஏற்பாட்டின் அருமையை உணர்வார்கள்.

ரைஃபிள் தோட்டாவுக்குப் புரோகிரசிவ் வாங்குகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். நேரான கைத்துப்பாக்கிக் கூடுகளுக்குக் கார்பைடு டை போட்டால் எண்ணெய் தடவாமலே சுருக்கலாம். கழுத்து ஒடுங்கிய ரைஃபிள் கூடுகளுக்கு எண்ணெய் தடவியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் கூடு டைக்குள் இறுகிக்கொள்ளும். பிறகு எண்ணெயைத் துடைக்க வேண்டும், நீண்டுபோன கழுத்தை வெட்டிச் சமன்செய்ய வேண்டும். இந்த இடைவேலைகள் ஓட்டத்தை நடுவில் முறிப்பதால், கொடுத்த பணத்துக்குரிய வேகம் பாதிகூடக் கையில் வருவதில்லை.

எதை வாங்கினாலும் முதல் வேலை மேசைதான். ஆணி போன்ற மரத்திருகுகள் நாளடைவில் தளரும். பலகையைத் துளைத்து அடியில் அகலமான வாஷர் வைத்து போல்ட் போட்டு இறுக்குவதே முறை. கைப்பிடியை முழுதாக அழுத்தும்போது மேசை ஆடினால் பிரைமர் அமர்வதை விரல் உணராது; மேசையைச் சுவரோடு பிணைத்துவிடுவது நல்லது. டைகளின் மரை பெரும்பாலும் ஒன்றே: 7/8 அங்குலக் குறுக்களவு, அங்குலத்துக்கு 14 மரை. ஆகவே ஒரு நிறுவனத்தின் டை மற்றதன் பிரஸ்ஸில் ஏறும். டில்லனின் ஸ்கொயர் டீல் பி இதற்கு விலக்கு. அதற்கென்றே தனி டைகள் வாங்க வேண்டும்.

சுருக்கும் டையை அமைக்க, ராமை உச்சிக்கு ஏற்றி, டை ஷெல் ஹோல்டரைத் தொடும் வரை திருகி, ராமை இறக்கிவிட்டு இன்னும் சிறிது திருகுவது கைத்துப்பாக்கிக் கூடுகளுக்குப் போதும். தாழ்ப்பாள் போன்ற பிடியைக் கையால் இழுத்து இயக்கும் போல்ட் வகை ரைஃபிளுக்கு அப்படிச் செய்தால் கூட்டின் தோள் (கழுத்து ஒடுங்கத் தொடங்கும் சரிவு) தேவைக்கு மேல் பின்தள்ளப்பட்டு, சில சூடுகளிலேயே அடிப்பகுதி விரிசல் விடும். தோள் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு பங்கு மட்டும் பின்வாங்கும்படி அளவுமானியால் அளந்து அமைக்க வேண்டும். வாய் விரிக்கும் டை, குண்டின் அடி உட்காரும் அளவுக்கு விரித்தால் போதும். 9 மி.மீ. தோட்டா அறைக்குள் கூட்டு வாயின் விளிம்பில்தான் நிற்கிறது. ஆகையால் அந்த விளிம்பைச் சுருட்டி மடக்கக் கூடாது, விரித்ததை நேராக்கும் அளவே அழுத்த வேண்டும். புரோகிரசிவில் டைகளை இறுதியாகப் பூட்டும்போது எல்லா நிலைகளிலும் கூடுகள் இருக்க வேண்டும். காலியாக இருக்கையில் வைத்த அளவு, தட்டின் மேல் பாரம் ஏறியதும் மாறிவிடும். பவுடர் அளவைப் பொறுத்தவரை, வெளியீட்டாளர்கள் அச்சிட்ட கையேட்டின் தொடக்க அளவைத் தவிர வேறு எவர் சொல்லையும் ஏற்கக் கூடாது.

புரோகிரசிவின் பிரைமர் குழாயில் நூறு பிரைமர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. ஒன்று வெடித்தால் அத்தனையும் வெடிக்கலாம். குழாயைச் சுற்றி இரும்புக் கவசம் இருப்பது அதற்காகவே. சிக்கிய பிரைமரைக் கம்பியால் குத்தித் தள்ளக் கூடாது, பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அருகில் உட்காரவும் கூடாது. அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 495ஆம் விதித்தொகுப்பு வீட்டில் பத்தாயிரம் பிரைமர்கள் வரையும், தயாரிப்பாளரின் மூலக் கொள்கலனிலேயே 20 பவுண்டு பவுடர் வரையும் வைத்துக்கொள்ள இடம் தருகிறது. அதற்கு மேல் பவுடர் வைத்தால் தடித்த மரப்பெட்டி வேண்டும்.

என் மேசையில் இன்று கைத்துப்பாக்கித் தோட்டாவுக்குக் கையால் சுழற்றும் நான்கு நிலைப் புரோகிரசிவும், அதன் இடப்பக்கம் முதலில் வாங்கிய சிங்கிள் ஸ்டேஜும் இருக்கின்றன. புதிய பவுடரோ குண்டோ வந்தால் முதல் இருபது தோட்டாவும் அந்தப் பழைய பிரஸ்ஸில்தான் உருவாகும். இரண்டுக்கும் மேலே, கூட்டின் வாய்க்குள் ஒளி நேராக விழும்படி ஒரு சிறு எல்இடி விளக்கைப் பொருத்தியிருக்கிறேன்.